வீட்டுத் தோட்டம்: ஐப்பசிக்கும் சித்திரைக்கும் முதலில் விதையுங்கள்

ஆடி மாதம் பிறந்ததும் கிராமங்களில் காய்கறி விதைப் பொட்டலங்கள் கைமாறத் தொடங்கும். வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, பாகல், தண்டுக்கீரை என எல்லாம் ஒரே உறையில் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் கொல்லையைக் கொத்தி, அத்தனை விதையையும் ஒரே நாளில் போட்டுவிடுகிறார்கள். புரட்டாசியில் வீடு முழுவதும் வெண்டைக்காய். அண்டை வீட்டுக்குக் கொடுத்தும் மீதமாகும். முற்றியது ஆட்டுக்குப் போகும். கார்த்திகையில் செடிகள் ஓய்ந்துவிடும். மாசியில் அந்த இடத்தில் கன்றுக்குட்டி கட்டியிருப்பார்கள். "தோட்டமெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, நமக்கு ஒத்து வராது" என்று குடும்பத்தலைவர் சொல்வார்.

தோட்டத்தின் மேல் குற்றமில்லை. மண்ணின் மேலும் இல்லை. விதைக்கும் நாளை மட்டும் பார்த்தார்களே தவிர, பறிக்கும் மாதத்தைப் பார்க்கவில்லை. வயலில் விளைவதை ஒரே நாளில் அறுத்து மூட்டை கட்டலாம். சமையலறைக்கோ தினமும் ஒரு சட்டி நிறைய வேண்டும், வருடம் 365 நாளும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் தேவை. குழந்தைகளுக்குச் சற்றுக் குறைத்துக் கணக்கிட்டாலும், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் காய்கறி வேண்டும். மாதத்துக்கு 45 கிலோ. இதை வாரச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் சிறு விவசாயிகள் எத்தனை பேர்? பெரும்பாலான வீடுகளில் சந்தை நாளும் மறுநாளும் காய் இருக்கும்; மற்ற நாட்களில் புளிக்குழம்பும் ஊறுகாயும்தான். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர். நெல்லும் கடலையும் விளைவிக்கும் வீட்டுப் பெண்களும் இந்தக் கணக்கில் அடக்கம். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், கீரையும் காயும் இல்லாத சோறு அவற்றுள் முக்கியமானது.

பஞ்சம் பிடிக்கும் இரண்டு பருவங்கள்

ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், காசு கொடுத்துக் காய் வாங்கிய நாட்களுக்கு ஒரு வட்டமும், காயே இல்லாமல் சமைத்த நாட்களுக்கு ஒரு பெருக்கல் குறியும் இட்டு வரவேண்டும். இதைக் குடும்பத்தலைவிதான் செய்யவேண்டும். கொல்லையை உழுபவருக்கு எவ்வளவு விளைந்தது என்று தெரியும். எந்த வாரம் சட்டி காலியாக இருந்தது என்பது அடுப்பில் சட்டி வைப்பவருக்குத்தான் தெரியும். ஒரு வருடம் குறித்து வந்தால், பெரும்பாலான வீடுகளில் பெருக்கல் குறிகள் இரண்டு இடங்களில் கூட்டமாக நிற்கும். ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மற்றொன்று, பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரையுள்ள கோடைக்காலம்.

மழைக்காலத்தில் கீரைப் பாத்தி அழுகும், பூ உதிரும், சந்தைக்கு வரத்துக் குறைந்து விலை ஏறும். கோடையில் கிணறு இறங்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் வெப்பம் தணியாதபோது தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டும். இவை இரண்டும் ஆண்டுதோறும் தவறாமல் வருபவை. தவறாமல் வரும் ஒன்றுக்கு முன்னேற்பாடு செய்ய முடியும்.

ஐந்து சென்ட் கொல்லை உள்ளவர்கள் முதலில் இந்த இரண்டு பருவங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மீதி இடத்தில்தான் மற்ற மாதங்களுக்கு விதைக்கவேண்டும். நம் வழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. எளிதாக விளையும் மாதத்துக்கு எல்லா இடத்தையும் கொடுத்துவிட்டு, கடினமான மாதங்களைச் சந்தைக்கு விட்டுவிடுகிறோம்.

பழைய வீடுகளில் இந்தக் கணக்கு எழுதாமலே நடந்து வந்தது. பொங்கலன்று வைக்கும் குழம்பையும் கூட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரை, மொச்சை, பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி, கருணை. இவற்றில் எதுவும் கடைசி மாதத்தில் விதைத்து வந்ததல்ல. சேனை சித்திரை, வைகாசியில் புதைத்தது. பரங்கியும் அவரையும் ஆடியில் ஊன்றியவை. ஒரு சட்டிக்குள் எட்டு, ஒன்பது மாத உழைப்பு இருந்தது. அதே போல ஐப்பசி மழையில் வைத்த வற்றல் குழம்பு, அதற்கு முந்திய கோடை வெயிலில் காய்ந்தது. ஐப்பசிச் சட்டி சித்திரையில் தொடங்குகிறது. சித்திரைச் சட்டி ஆடியில் தொடங்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கணக்கு சுலபம்.

மழைக்காலச் சட்டிக்கு

ஐப்பசி, கார்த்திகையில் தரையோடு வளரும் செடிகளை நம்பக்கூடாது. பந்தலில் ஏறுவதையும் மரத்தில் தழைப்பதையும் நம்பவேண்டும்.

ஆடி முதல் வாரத்தில் பீர்க்கு, புடல், பாகல், சுரை ஆகியவற்றில் வீட்டார் விரும்பும் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குழிகள் போட்டால் போதும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, ஒரு கூடை மக்கிய தொழு உரத்தை மேல் மண்ணோடு கலந்து நிரப்பவேண்டும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்த பின் திடமான இரண்டு நாற்றுகளை விட்டு மற்றவற்றைக் களையலாம். பீர்க்கும் பாகலும் இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். புடலுக்கு மேலும் இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே மழை வலுக்கும் நேரத்தில் கொடி பந்தலின் மேல் இருக்கும். காய் மண்ணில் படாமல் தொங்கும். புடலங்காய் நேராக வளரவேண்டும் என்று நுனியில் கல் கட்டுவது வழக்கம். சந்தைக்கு அனுப்புபவர்களுக்கு அது தேவை. வளைந்த காயும் அதே ருசியுள்ளதுதான். வீட்டுக்குக் கல் வேண்டியதில்லை.

பாகலிலும் பீர்க்கிலும் பழ ஈ முட்டையிட்டுப் பிஞ்சு அழுகும். வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கொடிகள்தானே உள்ளன. பூ வாடியதும் பிஞ்சைப் பழைய செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றிக் கட்டிவிடலாம். மழையில் தாள் நைந்தால் மெல்லிய பழந்துணிப் பை போடலாம். அழுகி விழுந்த காய்களைக் கொடியடியிலேயே விட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்துதான் வரும். பொறுக்கி எடுத்து ஓர் அடிக்கும் ஆழமாகப் புதைக்கவேண்டும்.

வேலியில் இரண்டு தண்டுக் கோவைக்கொடி ஊன்றி வைப்பது நல்லது. கோவைக்காயின் பயனை நம் விவசாயிகள் போதிய அளவு உணரவில்லை. ஒரு முறை நட்டால் சில வருடங்களுக்குப் பலன் தரும். அவ்வப்போது கவாத்து செய்து எரு வைத்தால் மீண்டும் தழைத்துக் காய்க்கும்.

கீரைக்கு மழைக்காலத்தில் மரமே கதி. முருங்கை மழைக்குப் பின் நன்றாகத் தழைக்கும். இந்தச் சமயத்தில் கம்பளிப்புழு வந்து இலையை மொட்டையடிப்பதும் உண்டு. பகலில் இப்புழுக்கள் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கம்பில் துணி சுற்றித் தீப்பந்தம் கொளுத்தி அந்தக் கூட்டத்தின் மேல் காட்டினால் போதும். கூரை வீட்டை ஒட்டி மரம் இருந்தால் நெருப்பைத் தவிர்த்து, துடைப்பத்தால் கூட்டி எடுத்துச் சோப்பு நீரில் போடவேண்டும், வெறுங்கையால் தொடக்கூடாது.

தவசிக்கீரையை வேலியோரம் குச்சி வெட்டி நட்டால் எளிதில் வேர்பிடிக்கும். இதைச் சமைத்தே உண்ணவேண்டும். 1990-களில் தைவான் நாட்டில் உடல் இளைப்பதற்காக இதைப் பச்சையாகச் சாறு பிழிந்து அளவின்றிக் குடித்த பலருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் பொரியலாகச் செய்து உண்பதில் அச்சமில்லை.

மழைக்காலத்திலும் பாத்தியில் கீரை வேண்டும் என்பவர்கள் தரை மட்டத்துக்கு மேல் அரையடி உயர்த்தி மேட்டுப் பாத்தி அமைக்கவேண்டும். தஞ்சை, நாகை போன்ற டெல்டா மாவட்டங்களில் இது இல்லாமல் பலன் இல்லை.

அடுத்தது வற்றல். கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி, பாகல், மாங்காய், மிளகாய் என்று கோடையில் மிஞ்சுவதை வெயிலில் காயவைத்தால் மழைக்காலத்துக்கு உதவும். கொத்தவரையை உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்தவேண்டும். சுண்டையையும் மணத்தக்காளியையும் உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவைக்கவேண்டும். பாதி காய்ந்ததை மூடி வைத்தால் பூசணம் பூக்கும். கையில் எடுத்தால் சலசலவென்று ஒலிக்கும் அளவுக்குக் காயவேண்டும். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்க. வெயிலில் காய்வதால் உயிர்ச்சத்து சி பெரும்பகுதி அழிந்துவிடும். உயிர்ச்சத்து ஏ தரும் சத்தும் குறையும். ஆகையால் வற்றல் உள்ள வீட்டிலும் முருங்கைக்கீரை வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு வற்றலைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

கோடைச் சட்டிக்கு

கோடையின் சிக்கல் தண்ணீர். இங்கே தோட்டத்தைவிடப் பரணுக்கு வேலை அதிகம்.

ஆடியில் ஊன்றிய பரங்கி மார்கழி, தையில் முற்றும். தோலில் நகம் பதியாத அளவுக்கு முற்றிய பிறகு, காம்பு மூன்று விரற்கடை நீளம் இருக்கும்படி வெட்டி எடுக்கவேண்டும். காம்பு ஒடிந்த காயும் அடிபட்ட காயும் தங்காது. அவற்றை முதலில் சமைத்துவிடலாம். மற்றவற்றைக் காற்றோட்டமான நிழலில் வைக்கோல் பரப்பி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கினால் மூன்று, நான்கு மாதம் கெடாது. மேலே சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி அதைவிட அதிக நாள் தாங்கும். நாலு பரங்கியும் நாலு பூசணியும் பரணில் இருந்தால் சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு இரண்டு நாள் சட்டி நிரம்பும். இதற்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் கோடையில் செலவில்லை. நன்கு பழுத்த, சதை மஞ்சளாக உள்ள பரங்கி உயிர்ச்சத்து ஏ தரவல்லது.

சேனை இதே வகை. கோடை மழை ஈரத்தில் சித்திரை, வைகாசியில், முளைக்குருத்தின் ஒரு பகுதி இருக்கும்படி வெட்டிய கால் கிலோ முதல் அரைக் கிலோ வரையுள்ள துண்டுகளைச் சாணக் கரைசலில் நனைத்து, உலர்த்திப் புதைக்கவேண்டும். எட்டு, ஒன்பது மாதத்தில் இலை பழுத்துத் தண்டு சாயும். கிழங்கைத் தோண்டி மண்ணைத் தட்டி நிழலில் வைத்தால் கோடை வரை இருக்கும். வைத்திருந்து சமைத்தால் நமைச்சலும் குறையும். மரநிழலில் ஓரளவு வளர்வதால் தென்னையடி, வாழையடி இடம் வீணாகாது. பத்துக் குழி போதும்.

கோடையில் பாத்தியில் நிற்கவல்லவை கொத்தவரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, தட்டைப்பயறு, வெள்ளரி ஆகியவை. மாசியில் இவற்றை விதைக்கவேண்டும். இவற்றுள் கொத்தவரை குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும். வெண்டையும் வரும், ஆனால் கோடையில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்பும். இலை நரம்புகள் மஞ்சளாக மாறிய செடியைக் கண்டதும் பிடுங்கிவிடவேண்டும். மருந்தால் அது குணமாகாது.

ஆவணியில் நட்ட கத்திரியை மாசியில் ஓய்ந்துவிட்டது என்று பிடுங்கி எறியவேண்டாம். நோயில்லாத செடிகளைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் வெட்டிவிட்டு, ஒரு கை தொழு உரம் வைத்து நீர் பாய்ச்சினால் புதிதாகத் துளிர்த்து மறுபடியும் காய்க்கும். நாற்று விட்டு நடும் செலவும் நாளும் மிச்சம்.

இனி முருங்கைக்காய். நம் பகுதிகளில் பங்குனி முதல் ஆனி வரை மரமுருங்கை காய்க்கும் காலம். எந்தக் காயும் இல்லாத நேரத்தில் இது வருவது இயற்கை செய்த உபகாரம். இடம் குறைவாக உள்ளவர்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை ஏற்றது. விதை ஊன்றிய ஆறு மாதத்தில் பறிக்கலாம். செடி இரண்டரையடி உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். காய்த்து முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் நாலைந்து மாதத்தில் மறுபடியும் காய்க்கும். இரண்டே மரம் போதும். மூன்றாவது மரத்தின் காய் சந்தைக்குத்தான் போகும்.

நல்ல மாதங்களில் கைக்கட்டுப்பாடு

மார்கழி முதல் மாசி வரை எதைப் போட்டாலும் விளையும். இங்கே தேவைப்படுவது அடக்கம். ஏக்கருக்கு ஐந்து டன் வெண்டை விளைகிறது என்று கொண்டால் ஒரு சென்டுக்கு 50 கிலோ. வெண்டை பறிக்கும் காலம் ஏறக்குறைய 45 நாள். அதாவது ஒரு சென்ட் வெண்டை போட்டவர் ஒன்றரை மாதத்துக்குத் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் வெண்டைக்காய் உண்ணவேண்டும். எந்தக் குழந்தை உண்ணும்? கால் சென்ட் போதும். அதையும் இரண்டாகப் பிரித்து மூன்று வார இடைவெளியில் ஊன்றவேண்டும்.

மாசியில் தக்காளி சந்தையில் மலிவாகக் கொட்டிக் கிடக்கும் ஆண்டுகள் அதிகம். அந்தச் சமயத்தில் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிக்கு இடம் ஒதுக்குவது புத்திசாலித்தனம் அல்ல. அந்தப் பாத்தியில் கீரை போடலாம். சின்ன வெங்காயத்துக்கும் ஐந்து சென்டில் தனிப் பாத்தி வேண்டியதில்லை; வாய்க்கால் வரப்பில் நட்டதே போதும்.

பந்தல் அவரை பற்றி ஒரு வார்த்தை. "ஐந்து மாதமாகக் கொடி ஓடுகிறது, ஒரு பூ இல்லை" என்று வருந்துபவர்கள் பலர். பழைய நாட்டு அவரைக்குப் பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும் உணர்வு வரும். சித்திரையில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் பூ வருவது ஐப்பசிக்குப் பிறகுதான். சித்திரையில் ஊன்றினால் நாலு மாதம் பந்தலை வீணே அடைத்துக்கொள்ளும். மற்ற மாதங்களிலும் அவரை வேண்டுவோர், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை ரகங்களை நாடவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய ரகங்களை வெளியிட்டுள்ளது.

கீரை விதையை ஒரே தடவையில் தூவும் பழக்கத்தையும் விடவேண்டும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் தயார். ஒரு கட்டில் அளவுள்ள நாலு சிறு பாத்தி செய்து, வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால் ஐந்தாவது வாரம் முதல் பாத்தி மறுபடியும் காலியாகும். ஒரு சென்டுக்கே பத்துக் கிராம் விதைதான் வேண்டும்; ஆகவே ஒரு பாத்திக்கு ஒரு சிட்டிகை. அதை இரண்டு கை மணலோடு கலந்து தூவவேண்டும். எறும்பு விதையை இழுத்துச் செல்லும் இடங்களில் பாத்தியைச் சுற்றி அரிசிக் குருணையைத் தூவிவிட்டால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் நறுக்கி எடுத்தால் பல மாதங்களுக்குத் துளிர்க்கும்.

இடமும் தண்ணீரும்

ஐந்து சென்டில் மூன்று சென்ட் பாத்திகளுக்கும், ஒரு சென்ட் மரங்களுக்கும் பந்தலுக்கும் போதும். மீதியில் எருக்குழியும் நடைபாதையும் அமையும். மரங்களை வடக்கு ஓரத்தில் வைக்கவேண்டும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும். மரம் தெற்கே இருந்தால் அந்த நிழல் பாத்திகளின் மேல் விழுந்து, விளைய வேண்டிய காலத்தில் விளைச்சலைக் கெடுக்கும்.

பாத்திரம் கழுவும் நீரும் குளிக்கும் நீரும் ஓடும் வழியில் வாழை வைக்கவேண்டும். ஒரே நாளில் ஆறு கன்று நட்டால் ஆறு தாரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு கன்றாக ஆறு கன்று நட்டு, பக்கக் கன்றுகளை ஒவ்வொன்றாக விட்டு வந்தால், ஆண்டு முழுவதும் காய், பூ, தண்டு என்று ஏதாவது ஒன்று வீட்டுக்குக் கிடைக்கும். சோப்பும் சலவைத் தூளும் அதிகம் கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடக்கூடாது.

பப்பாளி நடுபவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். அடியில் ஒரு நாள் நீர் தேங்கினாலும் வேர் அழுகும். ஆகவே மண் அணைத்து மேடாக்கி நடவேண்டும். அடுத்து, கோ 2 போன்ற ரகங்களில் ஆண் மரம் தனியே வரும், அது காய்க்காது. இரண்டு, மூன்று மரம் மட்டுமே வைக்க இடமுள்ளவர்கள் எல்லா மரமும் காய்க்கும் கோ 3 அல்லது கோ 7 போன்ற ரகத்தை நடலாம்.

இவ்வளவு செய்தும் வேலி இல்லாவிட்டால் ஆடும் கோழியும் ஒரு பகலில் முடித்துவிடும். கிளுவைக் கம்பு நட்டு, இடையே முள் அடைத்தால் செலவு குறைவு. விதை வாங்கும் முன் வேலி போடவேண்டும்; வேலி போட முடியாதவர்கள் அந்த ஆண்டு மரத்தோடும் பந்தலோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

விஷ மருந்து தெளிக்கக்கூடாது. நாளைக்குப் பறிப்பதை இன்று தெளித்து உண்ண முடியாது. வயலுக்கு வாங்கி மிஞ்சிய மருந்தைக் கொல்லைக் கத்திரிக்கு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இது மிக ஆபத்தான பழக்கம். கத்திரியில் வாடித் தொங்கும் குருத்துக்குள் புழு இருக்கும். அதைக் கிள்ளி நசுக்கினால் காய்க்குள் புகுவது பெரிதும் குறையும். அசுவினிக்கும் இலை தின்னும் புழுக்களுக்கும் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பைக் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

சட்டியில் வைத்த பிறகு

பறித்ததைக் கழுவிய பின் நறுக்கவேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போகும். கீரையை வேகவைத்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்க்கலாம். கீரையிலும் பரங்கியிலும் உள்ள மஞ்சள் நிறச் சத்து உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவதற்குச் சிறிது எண்ணெய் வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயில் தாளிப்பதே போதுமானது. மாலைக்கண் நோயைத் தடுக்க 1970 முதல் நாட்டில் குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து ஏ திரவம் கொடுத்து வருகிறார்கள். அதைத் தவறாமல் கொடுக்கவேண்டும். அதோடு வாரம் மூன்று நாள் கீரையும் கொடுக்கவேண்டும். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்பு உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும்.

சில வீடுகளில் தோட்டம் நன்றாக வந்ததும் வேறொரு வினை வருகிறது. நல்ல காயெல்லாம் சந்தைக் கூடைக்குப் போய்விடும். சொத்தையும் முற்றலும் சட்டிக்கு வரும். விற்ற காசில் மாலையில் பலகாரம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மிஞ்சியதை விற்பதில் தவறில்லை. சின்னப் பிள்ளையும் பிள்ளைத்தாய்ச்சியும் உள்ள வீட்டில் முதல் பறி வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளவேண்டும். காலண்டரில் பெருக்கல் குறி உள்ள மாதங்களில் ஒரு காய்கூட விற்கக்கூடாது.

விதைக்கு விடுவதிலும் இதே தவறு நடக்கிறது. பறித்துப் பறித்து ஓய்ந்த செடியில் கடைசியாக நின்ற சூம்பல் காயை விதைக்கு விடுவது வழக்கமாக உள்ளது. நோயில்லாத, திடமான இரண்டு செடிகளைத் தொடக்கத்திலேயே குறித்து நூல் கட்டி, நாலாவது, ஐந்தாவது பறிப்பில் வரும் நல்ல காய்களை விதைக்கு விடவேண்டும். நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடியுள்ள பானையில் வைக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைப்பதில் பயனில்லை; அடுத்த தலைமுறை தாயைப் போல் இராது. புதிய ரகங்களின் விதை கிடைக்கும் இடங்களை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டறியலாம். கேட்கும்போது, எந்த மாதம் பறிக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கேட்கவேண்டும்.